தசம வகுத்தலும் புள்ளி நகர்த்தும் பயிற்சியும்

நடுநிலை வகுப்புகளில் தசம எண்களின் வகுத்தல் பெரும்பாலும் ஒரே விதியாகத்தான் வந்து சேர்கிறது. வகுக்கும் எண்ணின் புள்ளியை வலப்பக்கம் தள்ளி முழு எண்ணாக்கு. வகுபடும் எண்ணிலும் அத்தனை இடம் தள்ளு. பிறகு வழக்கம்போல் வகு. அதே அச்சில் வார்த்த கணக்குகள் வீட்டுப்பாடமாகக் குவிகின்றன.

இதை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. விதிக்கு அடியில் இருப்பது முன்பே படித்த சமான பின்னம்தான்: இரண்டு எண்களையும் 10-ஆல் பெருக்கினால் ஈவு மாறாது. 4.12-ஐ 4-ஆல் வகுத்து 1.3 என்று எழுதும் பிள்ளை, பத்தில் ஒன்றாம் இடத்தில் பூச்சியம் விட்டுப்போனதைப் பல கணக்குகள் போட்டுத்தான் பிடித்துக்கொள்கிறது. வகுத்தலிலேயே கை தடுமாறினால், பின்னால் வரும் சதவீதமும் வேகமும் மனத்தில் நிற்காது.

ஆனால் விதி ஈவைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மீதியைப் பற்றி வாய் திறப்பதில்லை. 7.5 மீட்டர் துணியில், ஒரு பைக்கு 0.4 மீட்டர் வீதம் எத்தனை பைகள் தைக்கலாம்? புள்ளியைத் தள்ளி 75-ஐ 4-ஆல் வகுத்தால் ஈவு 18, மீதி 3. மிஞ்சும் துணி எவ்வளவு என்று கேட்டால் ‘3 மீட்டர்’ என்ற பதில் வரும். மூன்று மீட்டர் மிஞ்சினால் இன்னும் ஏழு பைகள் தைக்கலாமே! மீட்டரில் இருந்த அளவைப் பத்தில் ஒரு மீட்டர்களாக மாற்றித்தான் வகுத்தோம். ஆகவே மிஞ்சுவது 0.3 மீட்டர். ஈவு 18.75 என்று மீதியின்றி வந்தாலும் தைக்க முடிவது 18 பைகளே. பயிற்சித் தாள்களோ மீதியே வராத எண்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றன. இடமதிப்பு உண்மையில் விளங்கியதா என்று காட்டும் இடமே அதனால் மறைந்துவிடுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. கணிதக் கல்வி ஆய்வாளர் எஃப்ரைம் ஃபிஷ்பைன் குழுவினர் 1985-இல் இத்தாலிய மாணவர்களிடம் நடத்திய ஆய்வு, வகுத்தல் என்றால் பங்கு போடுவது, விடை சிறியதாகத்தான் வரும் என்ற பதிவு எவ்வளவு ஆழமானது என்று பேசியது. 6-ஐ 0.5-ஆல் வகுத்து 12 வந்ததும் நம் பிள்ளைகள் சரியான விடையையே அடித்துவிட்டுத் திருத்துவதும் அதனால்தான். ஆறு லிட்டரில் எத்தனை அரை லிட்டர் என்று கேட்டுவிட்டால் குழப்பம் தீரும். புள்ளி நகர்த்தும் விதிக்கு அந்தக் கேள்வி தேவைப்படுவதில்லை.

வகுப்புக்கு வெளியே தசமம் பழகும் வழியும் மாறிவிட்டது. 1957-இல் ரூபாய் நூறு நயா பைசாவானபோது தசமம் கைக்கு வந்தது. 2011-இல் 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் செல்லாமல் போயின. இன்று பிள்ளைகள் தசமத்தைப் பார்ப்பது மின்னணுத் தராசிலும் பெட்ரோல் பங்க் திரையிலும்தான்.

என் பார்வையில் கணக்குகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் தோராய விடையை எழுதச் சொல்ல வேண்டும். 23.8-ஐ 0.49-ஆல் வகுக்குமுன் ‘ஏறத்தாழ 48’ என்று எழுதிய மாணவர், 4.857 வந்தால் தானே நிமிர்ந்து பார்ப்பார். ஆனால் தேர்வு இறுதி விடைக்கும் படிகளுக்கும் மட்டுமே மதிப்பெண் தரும்வரை ஆசிரியர் இதற்கு நேரம் ஒதுக்குவது கடினம். ‘மிஞ்சிய துணி எத்தனை மீட்டர்?’ என்ற ஒரு கேள்வியை வினாத்தாளில் சேர்த்தால், அந்த நேரம் வகுப்பில் கிடைக்கும்.