செம்புலமும் தோட்டப்புறமும்

குறுந்தொகை 40ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்துபோயிற்று; அவர் கண்ட உவமையே செம்புலப் பெயல்நீரார் எனப் பெயராயிற்று. நற்றிணையின் தேய்புரிப் பழங்கயிற்றினாரும் அத்தகையவரே.

வினை, பயன், மெய், உரு என்னும் நான்கும் உவமைக்கு அடி என்றார் தொல்காப்பியர். செம்புல உவமையை உருவோடு, அதாவது நிறத்தோடு, நிறுத்துவோர் உளர். அது போதாது. செந்நிலத்தில் வீழ்ந்த மழையை மண்ணினின்று மீண்டும் பிரித்தெடுத்தல் அரிது. முன்பின் அறியாத இருவர் நெஞ்சு கலந்ததற்கு அவ்வருமையே உவமையின் உயிர்.

லோபாக் தோட்டப்புறச் சிறுவன் குறிஞ்சிப்பூவைக் கண்டதில்லை. ஆயினும் இக்குறிஞ்சிப் பாட்டு அவனுக்கு அயலன்று. இரப்பர் மரச் சரிவில் மழைநீர் சிவந்து இறங்குவதைக் கண்டு வளர்ந்தவன் அவன். அவனிடம் பொழிப்புரையை முதலில் நீட்டி மனனம் செய்விக்கிறார்கள். தேர்வுக்கு அது உதவலாம். அவன் கண்ட மழையோ பாட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.