ஊசிக் கணக்கும் நோய்க் கணக்கும்

1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலேறிய திமில் மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. கூடவே மாடுகளைக் கொல்லும் வெக்கை நோயும் இறங்கியது. அந்த அச்சத்தில் தொடங்கிய பேச்சுதான் 1924-இல் 28 நாடுகள் பாரிசில் கூடி ஓர் அமைப்பை உண்டாக்குவதில் முடிந்தது. இன்றைய உலக விலங்கு சுகாதார அமைப்பு அதுதான். நம் மாடு போய்த் தொடங்கிவைத்த அமைப்பு என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எல்லை தாண்டும் சரக்கைப் பற்றிய பயத்தில் பிறந்தது அது. அந்தப் பிறவிக்குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டே அது வகுத்த அளவுகோலைப் பார்க்க வேண்டும்.

ஒரு நாடு தானாக விரும்பி அழைத்தால் இந்த அமைப்பின் வல்லுநர்கள் வந்து அந்நாட்டின் கால்நடை மருத்துவப் பணியை மதிப்பிடுவார்கள். இதற்கான அளவுகோலின் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பில் 45 திறன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை படிநிலை. அதன்பின், குறைகளைச் சரிசெய்ய என்ன செலவாகும் என்ற கணக்கையும் போட்டுத் தருவார்கள்.

இதன் பலம் கேள்விகளில் இருக்கிறது. நம் ஊர்க் கால்நடைத் துறைக் குறிப்புகளில் சிகிச்சை பெற்ற கால்நடைகள் இத்தனை, சினை ஊசி இத்தனை, குடற்புழு நீக்கம் இத்தனை என்று எண்கள் வரிசைகட்டி நிற்கும். இந்த அளவுகோலோ வேறு இடத்தில் கைவைக்கிறது. ஒரு மாடு வாயில் நுரை தள்ளி, கால் நொண்டினால் அந்தச் செய்தி தலைமையிடத்துக்கு எத்தனை கை மாறிப் போகிறது? நோய் வந்த அன்றே எடுத்துச் செலவழிக்கப் பணம் ஒதுக்கியிருக்கிறதா? சந்தையை மூடச் சொல்லும் மருத்துவரின் கருத்தை வேறு நெருக்கடிகள் அமுக்கிவிடுமா? கால்நடை மருந்து யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது? கடைசிக் கேள்வியின் அருமையைக் கழுகுகளை இழந்த பிறகுதான் நாம் உணர்ந்தோம். டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி போட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006-இல் கால்நடைகளுக்கான அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்ததால், 2015-இல் அவற்றை மூன்று மில்லியாகச் சுருக்க வேண்டிவந்தது. மருந்துச் சட்டமும் அதை நடத்தும் துறையும் கால்நடைத் துறையின் கையில் இல்லை. மருந்தகங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த ஓட்டை கண்ணில் படவே படாது.

இன்னொரு இடத்திலும் இந்த அளவுகோல் நமக்கு உதவும்: செய்த வேலையையும் கிடைத்த பயனையும் பிரித்துப் பார்க்க. வெக்கை நோயை இந்தியா ஒழித்தது சாதாரணச் சாதனை அல்ல. 1954-இல் தேசிய அளவில் தொடங்கிய திட்டம். கடைசி நோய்ப்பரவல் 1995-இல். 2006-இல் நோயற்ற நாடு என்ற ஏற்பு. 2011-இல் உலகமே விடுபட்டதாக அறிவிப்பு. அந்த வெற்றியில் நோயின் இயல்புக்கும் பங்கு உண்டு. ஒரே ஊசி ஏறத்தாழ வாழ்நாள் முழுதும் காத்தது. ஊர் ஊராகப் படையெடுத்துப் போட்டுவிட்டால் போதும். கோமாரி அப்படியல்ல. அதன் நச்சுயிரியில் ஓ, ஏ, ஏசியா-1 என்று மூன்று வகை இங்கே உலவுகின்றன. ஊசியின் காப்பு சில மாதங்களில் தேய்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குளிர் கெடாத மருந்தோடு, அதே தொழுவத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். 2019-இல் 13,343 கோடி ரூபாயில் தொடங்கிய கோமாரி, கன்றுவீச்சு நோய்த் தடுப்புத் திட்டம் 2030-க்குள் இவற்றை ஒழிப்பதாகச் சொல்கிறது. படையெடுப்பால் ஆகிற காரியமல்ல இது. அன்றாடப் பணியால் ஆக வேண்டியது. போட்ட ஊசிகளின் எண்ணிக்கை உழைப்பைக் காட்டும். மாட்டின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஏறியதா என்று சோதித்தால்தான் பயன் தெரியும்.

அந்த அன்றாடப் பணிக்கு ஆள் எங்கே? ஒரு மருத்துவருக்கு ஐயாயிரம் கால்நடை என்பது 1976-இல் தேசிய வேளாண் ஆணையம் சொன்ன கணக்கு. 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் கோழிகள் நீங்கலாகவே 53 கோடிக்கு மேல் கால்நடைகள். இருக்கிற மருத்துவரும் சினை ஊசி, காப்பீட்டுச் சான்று, பிரேதப் பரிசோதனை, நலத்திட்டங்களுக்கான பயனாளிப் பட்டியல் என்று அலைகிறார். 2022-இல் தோல் கழலை நோய் ராஜஸ்தானையும் குஜராத்தையும் புரட்டிப்போட்டபோது கையில் இருந்தது ஆட்டம்மைத் தடுப்பூசிதான். லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்தன. நோயோ 2019-லேயே ஒடிசாவில் கால்வைத்திருந்தது.

குறைகளுக்கு வருவோம். கால்நடைப் பாதுகாப்பும் மருத்துவமும் நம் அரசமைப்பில் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஒன்றிய அரசு தடுப்பூசியும் பணமும் கொடுக்கலாம். தொழுவத்துக்குப் போகிறவர் மாநில ஊழியர். 1903-இலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி கண்ட சென்னையையும், மருத்துவரைக் காண நாள்கணக்கில் காத்திருக்கும் ஒரு மலைமாவட்டத்தையும் சேர்த்து ‘இந்தியா: மூன்றாம் படிநிலை’ என்று எழுதினால் அது யாரையும் குறிக்காது. அறிக்கையும் மதிப்பிடப்பட்ட நாட்டுக்கே சொந்தம். அரசு சம்மதித்தால்தான் வெளியாகும். தன் மாட்டைப் பற்றிய மதிப்பெண்ணை மாட்டுக்காரரே பார்க்க முடியாமல் போகலாம்.

எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று உண்டு. அளவுகோலின் நான்கு பெரும் பிரிவுகளில் ஒன்று முழுக்கவும் சந்தைக்குள் நுழையும் தகுதியைப் பற்றியது. எருமை இறைச்சி ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு அது தேவைதான். ஆனால் நாலு வெள்ளாடு வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு ஆட்டுக்கொல்லி நோயில் இரண்டு போனாலே பாதிச் சொத்து போய்விடும். கோப்புகளையும் ஆய்வகங்களையும் அலுவலர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பும் குழுவின் கண்ணுக்கு அவர் படுவது தற்செயல்தான்.

ஆகவே அளவுகோலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மாநிலவாரியாக, மாவட்டவாரியாக இறக்குங்கள் என்கிறேன். முடிவைக் கால்நடை மருந்தகத்தின் சுவரில் ஒட்டுங்கள். 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைத்தவரிடம் வண்டி வந்ததா என்று கேட்பதோடு, எடுத்துப்போன மாதிரியின் முடிவு திரும்பி வந்ததா என்றும் கேளுங்கள். மதிப்பிடுபவர்கள் ஒரு நாள் விடியலில் மணப்பாறை மாட்டுச் சந்தையிலோ பொள்ளாச்சிச் சந்தையிலோ நிற்கட்டும். வாயில் புண்ணோடு ஒரு மாடு வண்டியிலிருந்து இறங்கினால், அதைத் திருப்பி ஏற்றச் சொல்லும் அதிகாரத்தோடு அங்கே யார் நிற்கிறார் என்று பார்க்கட்டும்.