வழுவில் பிறந்த விலங்கு

2016 ஆகஸ்ட் 6-ஆம் நாள் 'போக்கிமோன் கோ' என்னும் விளையாட்டு சிங்கப்பூருக்கு வந்தது. அம்மாதத்து இரவுகளில், செங்காங்கை அடுத்த ஹவ்காங்கில் 401-ஆம் புளோக்கைச் சுற்றிக் கைபேசியில் விலங்கு பிடிப்போர் திரள் திரளாக நின்றதை ஊர் மறந்திராது. செங்காங் போன்று அடுக்குமாடிகள் நெருங்கிய இடங்களில் வேறொரு விந்தையும் உண்டு. விண்கோளின் குறிப்பு உயர்ந்த சுவர்களில் பட்டுச் சிதறுங்கால், வீட்டினுள் அமர்ந்திருப்பவனுடைய உருவம் திரையில் மட்டும் தெருவில் உலாவும். அவன் நடக்கவில்லை, பொறி அவ்வாறு படித்துவிட்டது.

இவ்விளையாட்டுக் குடும்பத்தின் முதல்நூலில் இதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. அங்கே உலாவுவது ஆடுவோன் உருவமன்று. எவரும் படைக்காத ஒரு விலங்கு.

சதோஷி தாஜிரியின் கேம் ஃபிரீக் குழுவினர் ஆக்க, நிண்டெண்டோ நிறுவனம் 1996-இல் சப்பானில் வெளியிட்ட முதல் ஆட்டங்களில் விலங்குகள் 151. பொறியினுள் அவற்றுக்கென வகுத்த இடங்களோ 190. எஞ்சிய 39-உம் வெற்றிடங்கள். 1998-இல் அமெரிக்காவில் வந்த ஆங்கிலப் பதிப்பில் அவ்வெற்றிடங்களுக்கு இட்டிருந்த பெயர் 'மிஸ்ஸிங்நோ', அதாவது 'எண் இல்லை'. எவர் கண்ணிலும் படாதிருக்க வேண்டிய அக்குறிப்பே விலங்காக எழுந்து வந்தது.

வந்த வழி சுவையானது. விரிடியன் நகரில் முதியவர் ஒருவர் விலங்கு பிடிக்கும் முறையைச் செய்து காட்டுவார். அந்நேரம் திரையில் அவர் பெயர் தோன்ற வேண்டுமாதலின், ஆடுவோனுடைய பெயர் வேறோரிடத்தில் ஒதுக்கி வைக்கப்படும். அவ்விடம் புல்வெளி விலங்குகளின் பட்டியலுக்கு உரியது. வேறொரு புல்வெளிப் பகுதியிற் புகுந்தால் புதிய பட்டியல் வந்து பெயரை அழித்துவிடும். அவ்வாறு புகாமல், நேரே சின்னபார் தீவுக்குப் பறந்து சென்று அதன் கீழைக் கரையோரம் நீந்தினால், கடலாயினும் பொறி நோக்குவது புல்வெளிப் பட்டியலையே. அங்கே கிடப்பதோ பெயர்! அப்பெயரின் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் எழுத்துகளை விலங்கின் எண்ணாகவும், இரண்டாம், நான்காம், ஆறாம் எழுத்துகளை அதன் படிநிலையாகவும் பொறி படித்துவிடும்.

எழுத்து எண்ணாவது தமிழாசிரியர்க்குப் புதிதன்று. ககரம் ஒன்று, உகரம் இரண்டு, எகரம் ஏழு, அகரம் எட்டு. பழைய கணக்கேட்டில் எது எழுத்து, எது எண் என்பதை இடமே உணர்த்தும். இடம் பிறழ்ந்தால் பொருளும் பிறழும். ஏட்டுச் சுவடியில் ரகரமும் காலும் ஒரே வடிவாக எழுதப்பெற்றமையால், 'பரவை' என்பதைப் 'பாவை' எனப் படித்தற்கும் இடமுண்டு. கடல் பெண்ணாகிவிடும். அப்பெண்ணைப் புலவர் படைத்தார் என்று எவரேனும் கூறுவரோ?

மிஸ்ஸிங்நோவைக் குறித்து அங்ஙனம் கூறுவார் உளர். ஆக்கியோர் வேண்டுமென்றே ஒளித்து வைத்த பேய் என்பர் அவர். உருவத்தைப் பார்த்தாலே அக்கூற்று நில்லாது. புள்ளிகள் குழம்பிய ஒரு கட்டை, கண்ணில்லை, காலில்லை. படம் இல்லாத இடத்தில் வேறெதற்கோ உரிய செய்தியைப் படமெனப் பொறி படித்ததன் விளைவு அது. அதனைக் கண்ட அளவில் பையின் ஆறாம் பொருள் 128 கூடுவதும் வரமன்று. 'கண்டது' எனப் பதிய வேண்டிய குறி, தன் பட்டியலைக் கடந்து சென்று பையின் கணக்கில் விழுகிறது, அவ்வளவே. (சிறுவர்க்கு அது வரமேயாயிற்று என்பது வேறு.) ஆட்டத்தின் பதிவு கெடக்கூடும் என்று நிண்டெண்டோவின் இதழ் 1999-இல் எச்சரித்தும் அவர்கள் கரையோரம் நீந்துவதை விட்டாரில்லை.

இஃது வழுவா, வழுவமைதியா? ஆக்கியோர் பக்கம் நின்று நோக்கின் வழுவே, ஐயமில்லை. காரணம் காட்டி அமைத்தற்கு அங்கே கருத்தென ஒன்றில்லை. ஆனால் வழுவமைதிக்கு இலக்கண உரைகாரர் தரும் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். பசுவை ஒருவன் உவப்பினால் அம்மை என்கிறான். திணை பிறழ்ந்தும் அச்சொல் அமைகிறது. அமைத்தது பசுவன்று, அழைத்தவன் உவப்பு. அதுபோலப் புள்ளிக் கட்டையை விலங்கென்று அழைத்து, அதனைத் தேடி, பிடித்து, தோழர்க்குக் காட்டிய சிறுவர் உவப்பே இவ்வழுவுக்கு அமைதி. 'அது விலங்கே அன்று' என்று அவர்களைத் திருத்தப் புகுவார் பொறியை அறிந்தவராயினும் ஆட்டத்தை அறிந்தவர் ஆகார்.

பதிப்பு முறையிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 2004-இல் நிண்டெண்டோ வெளியிட்ட வழிநூல்களான 'ஃபயர்ரெட்', 'லீஃப்கிரீன்' ஆகியவற்றில் முதியவரும் உளர், சின்னபார் தீவும் உண்டு. இவ்வழு மட்டும் இல்லை. ஆனால் 2016 பிப்ரவரியில், இருபதாம் ஆண்டு நிறைவையொட்டிப் பழைய ஆட்டங்களையே மீண்டும் வெளியிட்டபொழுது, பிழையை அறிந்திருந்தும் அவர்கள் அதன்மேல் கைவைக்கவில்லை. அப்பதிப்பிலும் கீழைக் கரையோரம் நீந்துவார்க்கு அக்கட்டை எழுந்து வருகிறது.