சுற்றம் இழந்த சொற்கள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடையே ஆங்கிலச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யும் மோகம் குறையவே இல்லை. நாளுக்கு இருபது சொல், எதிரே ஒற்றை வரியில் பொருள், இரவில் ஒப்பித்தல். கேட்டால், மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்எஸ்சி தேர்வில் அப்படித்தானே கேட்கிறார்கள் என்கிறார்கள்.

பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். வாசிக்கும்போது தடுக்கி நிற்காமல் மேலே போக அது உதவும். நார்மன் லூயிஸ் 1949-இல் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' நூல் காட்டும் வேர்ச்சொல் வழி இன்னும் மேல். வெறுப்பைக் குறிக்கும் வேரும் மனிதரைக் குறிக்கும் வேரும் தெரிந்தவருக்கு 'மிசந்த்ரோப்' மறக்காது.

ஆனால் பொருள் தெரிந்தால் சொல் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை. 'மிட்டிகேட்', 'அலீவியேட்', 'கர்ட்டெய்ல்' மூன்றுக்கும் பட்டியலில் 'குறைத்தல்' என்றே இருக்கும். ஆங்கிலத்திலோ மிட்டிகேட் செய்வது ஆபத்தை, பாதிப்பை. அலீவியேட் செய்வது வலியை, வறுமையை. கர்ட்டெய்ல் செய்வது செலவை, அதிகாரத்தை. பட்டியலை நம்பிய மாணவர் காப்பியில் சர்க்கரையை மிட்டிகேட் செய்ததாக எழுதுவார். குற்றம் அவருடையதா? தமிழிலும் மழை பெய்யும், மாங்காய் விழும். 'பெய்' என்றால் மேலிருந்து விழுவது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், தமிழ் கற்க வந்தவர் மாங்காய் பெய்ததாகத்தான் சொல்வார்.

இந்தக் குறையை அறிந்தவர்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, சக ஆசிரியர்களோடு 1942-இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதி, ஒரு வினைச்சொல் எந்த வாக்கிய அமைப்புகளில் வரும் என்று காட்டியது. மொழியியலாளர் ஜான் சின்க்ளேர் தலைமையில் 1987-இல் வந்த கோபில்ட் அகராதி சொல்லை முழு வாக்கியத்துக்குள் வைத்தே விளக்கியது. 'செட் இன்' என்ற தொடர் பெரும்பாலும் அழுகல், சீரழிவு போன்ற வேண்டாதவற்றோடுதான் சேரும் என்று எடுத்துக்காட்டியவரும் அவரே. பட்டியலில் இருக்கும் 'தொடங்குதல்' இதை எங்கே சொல்கிறது? வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வே 2011-இல் எதிர்ச்சொல், ஒப்புமை வினாக்களைக் கைவிட்டு, வாக்கியத்துக்குள் சொல்லைப் பொருத்தச் சொல்லிவிட்டது. அந்தத் தேர்வின் பழைய வினாக்களுக்காகத் தொகுத்த பட்டியல்களை நம் பிள்ளைகள் இன்னும் உருப்போடுகிறார்கள்.

மதிப்பெண் வருகிறது, உண்மை. ஆனால் வேலையில் சேர்ந்தபின் ஒரு குறிப்பு எழுத உட்காரும்போது, தெரிந்தெடுக்க நான்கு விடைகள் முன்னால் இருப்பதில்லை. அதனால் நாளுக்கு மூன்று சொல் போதும். ஒவ்வொன்றுக்கும் நாளிதழிலிருந்து ஐந்து வாக்கியம் எழுதிவரச் சொல்லலாம். பயிற்சி மையங்களுக்கு இது தெரியாததல்ல. மூன்று சொல் என்று விளம்பரம் செய்தால் ஆள் சேராது என்ற பயம்தான்.