தன் சொல், தன் மெட்டு: கபீர் சுமனின் பாட்டு

சிலப்பதிகாரத்துக் கானல்வரியைப் படித்தவர்களுக்கு ஒன்று ஞாபகமிருக்கும். புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கித் தானே வாசித்துப் பாடுகிறான். பிறகு மாதவி வாங்கிப் பாடுகிறாள். கோவலன் வணிகர் வீட்டுப் பிள்ளை. நம் காலத்தில் சினிமா பாட்டைப் பங்கு போட்டுவிட்டது. சொல் ஒருத்தர், மெட்டு ஒருத்தர், குரல் ஒருத்தர். நாம் குடியிருக்கும் இந்தக் கொல்கத்தாவில் மூன்றையும் மறுபடி ஒரே கணக்கில் சேர்த்தவர் கபீர் சுமன்.

1949-இல் கட்டக்கில் பிறந்தவர். இயற்பெயர் சுமன் சட்டோபாத்யாய். இளமையிலேயே இந்துஸ்தானி கயால் பயின்றவர். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர். பிறகு ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வானொலியின் வங்காளிப் பிரிவில் வேலை. அங்கேதான் பீட் சீகரின் பழக்கம் ஏற்பட்டது. 1989-இல் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். நாற்பது வயசில் புதுக் கடை திறக்கவே நம்மவர்கள் பத்துத் தடவை யோசிப்போம். இவர் கிதாரோடு தனியாக மேடையேறினார். 1992-இல் 'தொமாகே சாய்' கேசட் வந்தது. வங்காளப் பாட்டின் போக்கே மாறியது.

அந்தக் கேசட்டை வெளியிட்டது எச்.எம்.வி. கம்பெனிதான். அப்புறம் என்ன சுயேச்சை என்று கேட்கலாம். சரக்கை யார் விற்றாலும் அதைச் செய்தவன் யார் என்பதே கேள்வி. அதில் சொல்லும் மெட்டும் குரலும் அவருடையவை.

'பேட்காட்டி சாந்தியால்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பே காற்றாடிக் கடையில் புழங்கும் வகைப் பெயர்கள். வானத்தில் காற்றாடிகள், கீழே ரிக்‌ஷா ஓட்டும் சின்னப் பையன். அவன் கண் மேலே போகிறது, கால் நிற்க முடியாது. ஏழ்மையைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் தேவைப்படவில்லை. இன்னொரு பாட்டு பத்தடிக்குப் பத்தடி அறையில் நடக்கும் குடித்தனத்தைப் பற்றியது. படாபஜாரில் குடோன் பக்கத்து அறையில் குடும்பம் நடத்தியவர்களுக்கு அதற்கு உரை வேண்டாம்.

மேல்நாட்டுக் காப்பி என்று சிலர் சொன்னார்கள். பாப் டிலனின் புகழ்பெற்ற பாட்டொன்றை அவர் வங்காளியில் ஆக்கியது உண்மை. ஆனால் கிதாரைத் தள்ளிவிட்டு மெட்டை மட்டும் கேளுங்கள். கயால் பயிற்சியும் ரவீந்திர சங்கீதமும் அடியில் ஓடுவது தெரியும். பின்னால் வந்த பலர் கிதாரை எடுத்துக்கொண்டார்கள், அந்த அடித்தளத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

குறையும் உண்டு. கோபம் மிஞ்சும் இடங்களில் பாட்டு செய்தித்தாளாகிவிடுகிறது. காற்றாடிப் பாட்டின் நிதானம் அங்கே இல்லை. 2009-இல் ஜாதவ்பூர் தொகுதி எம்.பி. ஆனார். சொந்தக் கட்சியோடும் ஒத்துப்போக முடியவில்லை. அரசியலுக்கு அது நஷ்டமோ லாபமோ, தன் வாயைப் பிறருக்கு அடகு வைக்காதவர் என்பது அதிலும் தெரிந்தது. 'ஜாதீஷ்வர்' படத்தின் இசைக்கு 2014-இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது.

இதை நம் மலரில் ஏன் எழுதுகிறேன்? கரியாஹாட் முனை வரும் பாட்டொன்று சுமனுக்கு இருக்கிறது. அதிலிருந்து லேக் மார்க்கெட் எவ்வளவு தூரம்? தலைமுறை தலைமுறையாக அங்கே தமிழர்கள் காய்கறி வாங்குகிறோம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம். அந்த வாழ்க்கை தமிழ்ப் பாட்டாகி நான் கேட்டதில்லை. நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டு என்றால் சென்னையிலிருந்து வரும் சினிமாப் பாட்டு. அதில் அவர்கள் நடக்கும் தெரு இல்லை. தன் தெரு இல்லாத மொழி வீட்டுக்குள்ளேயே விருந்தாளியாகிவிடும்.

பாரதியார் தம் பாட்டுக்களுக்குத் தாமே ராகம் குறித்தார். நமக்கு இது அந்நியமான வழி அல்ல. அடுத்த ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஒதுக்கும் நேரத்தில் பத்து நிமிஷம் எடுத்து, ஒரு பையனோ பெண்ணோ தானே எழுதி மெட்டமைத்த பாட்டைப் பாட விடுவோம். சுருதி கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை.