டேனிக்கு யார் மேல் கோபம்?

‘யூதப் பையன் ஒருவன் நாஜி ஆகிறான்’ என்று கதையைச் சொல்லத் தொடங்கினாலே ஆட்கள் நழுவுகிறார்கள். “கனமான சப்ஜெக்ட் சார், லீவு நாள்ல பார்க்க முடியாது.” சீரியல் கொலைகாரர்களைப் பற்றிய தொடரை விடிய விடியப் பார்ப்பவர்களும் இவர்கள்தான். எரிச்சல் தாங்காமல்தான் இந்தப் பாடம்.

அடிப்படைகளை விறுவிறுவென்று முடித்துவிடுவோம். படம் ‘தி பிலீவர்’, 2001. இயக்கியவர் ஹென்றி பீன்; அவரும் யூதர். நாயகன் டேனி பாலின்ட்டாக ரயன் காஸ்லிங். ‘லா லா லேண்ட்’ பார்த்து அவரிடம் மயங்கியவர்கள், ஸ்வஸ்திகா பனியனில் வரும் இந்த மொட்டைத்தலையனைப் பார்த்தால் அரண்டுபோவார்கள். கருவுக்குப் பின்னால் ஒரு நிஜ மனிதன் இருக்கிறான். டேன் பர்ரோஸ் அமெரிக்க நாஜி கட்சியிலும் பிறகு கு க்ளக்ஸ் க்ளானிலும் இருந்தவன். அவன் யூதன் என்று 1965இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியதும் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தான். படம் சன்டான்ஸ் விழாவில் நடுவர் குழுவின் பெரிய பரிசை வாங்கியது. ஆனாலும் பெரிய விநியோகஸ்தர்கள் கைவிரித்தார்கள். அமெரிக்காவில் கேபிள் சேனல்தான் கைகொடுத்தது. போதும்.

இனி முக்கியமான விஷயம். ‘தன்வெறுப்பு’ என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். பாதி விமர்சகர்கள் அந்த ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். டேனிக்கு யூதனாக இருப்பது ஒரு விஷயம், பணிந்துபோவது வேறு விஷயம். அவன் வெறுப்பது இரண்டாவதை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் படம் உங்களுக்குக் கிடைக்காது.

யெஷிவா என்னும் யூத மதப் பள்ளியின் வகுப்பைப் பாருங்கள். கடவுள் கேட்டார் என்பதற்காக ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடத் துணிந்த கதை நடக்கிறது. சிறுவன் டேனி ஆசிரியரோடு மல்லுக்கு நிற்கிறான். இது ஆபிரகாமின் விசுவாசத்தைப் பற்றிய கதையே இல்லை என்கிறான். தன் பலத்தைக் காட்டப் பிள்ளையை வெட்டச் சொல்லும் கடவுள் அவன் கண்ணுக்கு வெறும் ரௌடி. கடவுளை நம்பாதவன் இப்படிச் சண்டை போடுவானா? மடியில் உட்கார்ந்துகொண்டே தாத்தாவின் தாடியைப் பிடித்து இழுக்கும் பிள்ளை இவன்.

இப்போது வளர்ந்த டேனிக்கு வாருங்கள். ஓர் அடிதடி வழக்கில் அவனையும் கூட்டாளிகளையும் நாஜி முகாம்களில் தப்பியவர்களின் முன் உட்காரவைக்கிறார்கள். மூன்று வயது மகனை நாஜி ஒருவன் துப்பாக்கிமுனைக் கத்தியில் குத்திக் கொன்றதை ஒரு கிழவர் சொல்கிறார். டேனி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அப்போது நீ என்ன செய்தாய்? அறையே உறைந்துபோகிறது. நமக்கும் அவனை அறையத் தோன்றும். தோன்றட்டும், ஆனால் காட்சியைத் தாண்டிப் போகாதீர்கள். பலிபீடத்தில் கிடந்த ஈசாக்கும் கத்தியில் குத்துண்ட குழந்தையும் டேனியின் மண்டைக்குள் ஒரே பிள்ளை. கத்தியைத் தடுக்காத தகப்பன்தான் அவனுக்கு ஜென்ம விரோதி. அந்தக் கொலை அவன் மனதில் திரும்பத் திரும்ப ஓடுகிறது. முதலில் நாஜியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கிறான். பின்னால் தகப்பனின் இடத்துக்கு வந்துவிடுகிறான். படமே இந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பணிவை இப்படிச் சபிப்பவனைப் போலப் பணிகிறவன் படத்தில் வேறு யாருமில்லை. கூட்டாளிகள் யூதத் தொழுகைக்கூடத்தில் புகுந்து தோரா என்னும் வேதச் சுருளைக் கிழிக்கும்போது அவனால் தாங்க முடியவில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுபோய், கிழிசலை டேப்பால் ஒட்டுகிறான். அப்போது அவன் கைகளைப் பாருங்கள்: அடிக்கத் தெரிந்த அந்த விரல்களில் எவ்வளவு பதவிசு!

‘அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்’ஸோடு இதைச் சேர்த்துப் பட்டியல் போடுபவர்களை நம்பாதீர்கள். அது திருந்தும் கதை. இங்கே திருந்துவதற்கு இடமே இல்லை. டேனியின் நீண்ட பேச்சை மட்டும் வெட்டி ‘மாஸ் நடிப்பு’ என்று பகிர்பவர்கள் இன்னும் மோசம். ஹோட்டலில் நிருபரிடம் அவன் யூதர்களைப் பற்றி அளக்கும்போது நாமும் ஒரு கணம் வாய் பிளப்போம். பிறகு அந்த நிருபர் சாவதானமாகக் கேட்கிறார்: நீயே யூதனாக இருந்துகொண்டு இதையெல்லாம் எப்படி நம்புகிறாய்? அந்தக் கேள்வி இல்லாத கிளிப் வெறும் விஷம்.

நமக்குள் இருக்கட்டும், காதலி கார்லா வரும் பகுதி கொஞ்சம் தொளதொளதான். பொறுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு எபிரேயம் சொல்லிக்கொடுக்கும்போது டேனி மறுபடியும் யெஷிவா மாணவனாகிவிடுகிறான். அவனுக்கே அது தெரிவதில்லை.

யூத மதம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு உட்காருங்கள். 24 வசனம், ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். பிறகு யாராவது “அது தன்வெறுப்புப் படம்தானே” என்று தொடங்கினால், கிழவர் பேசும் காட்சியில் டேனிக்கு யார் மேல் கோபம் என்று கேளுங்கள். “யூதர்கள் மேல்” என்று பட்டென்று பதில் வந்தால், பேச்சை வேறு படத்துக்கு மாற்றிவிடுங்கள்.