தாத்தா இருக்கும் வீட்டு நாய்

'ஓ மை டாக்' படத்தைக் குழந்தைகள் படம் என்று ஓரமாக வைத்துவிடலாம். 2022 ஏப்ரலில் நேராக அமேசான் பிரைமில் வந்தது. இயக்கம் சரோவ் சண்முகம். விஜயகுமார், அருண் விஜய், ஆர்ணவ் என்று நிஜத்தில் தாத்தா, அப்பா, பேரனாக இருப்பவர்கள் படத்திலும் அப்படியே வருகிறார்கள். கதை ஊட்டியில் நடக்கிறது. நாய்க் கண்காட்சிகளில் ஜெயித்தே பழகிய பணக்காரர் ஒருவர், பார்வையில்லாமல் பிறந்த ஹஸ்கி குட்டியைக் கொல்லச் சொல்கிறார். அது தப்பித்து, கடனில் தத்தளிக்கும் ஒரு வீட்டுப் பையனிடம் வந்து சேர்கிறது. அந்தக் குட்டிதான் சிம்பா. மிச்சத்தை நீங்களே ஊகித்துவிடுவீர்கள், ஊகம் தப்பாது.

நான் இந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தது கதைக்காக இல்லை. சென்னை ஓஎம்ஆரில் ஏழாவது மாடியில் முப்பத்து நாலு கிலோ லாப்ரடார் ஒன்றோடு வாழ்கிறேன். எங்கள் குடியிருப்பில் மட்டும் மூன்று ஹஸ்கிகள். மே மாதத்தில் அவை ஏசி அறையை விட்டு வெளியே வருவது ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கணும். சென்னைப் புழுக்கத்தில் அதுவும் சரியாக நடக்காது.

தமிழ் சினிமாவுக்கு ஊட்டி என்பது கைக்கெட்டிய வெளிநாடு. சைபீரிய நாயைக் கொண்டுவந்து நிறுத்த அதைவிட வசதியான இடம் கிடையாது. மூடுபனி, ஸ்வெட்டர், லாஜிக் முடிந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் படத்தைப் பாராட்டணும். ஊட்டிக்கும் சீமை நாய்க்கும் உள்ள உறவு கற்பனை இல்லை. வெள்ளைக்காரர்கள் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குதிரையேறி, ஃபாக்ஸ்ஹவுண்ட் கூட்டத்தோடு நரி வேட்டையாடினார்கள். இங்கிலாந்து நரி இங்கே இல்லாததால், நம் குள்ளநரி அதற்கு மாட்டியது. இன்றும் மே சீசனில் சவுத் ஆஃப் இந்தியா கென்னல் கிளப்பும் நீலகிரி கென்னல் அசோசியேஷனும் அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் நாய்க் கண்காட்சி நடத்துகிற ஊர் அது.

படத்தின் பிரச்சினை வேறு. ஹஸ்கி ஒரு உழைப்பாளி ஜாதி. சுக்சி மக்கள் சறுக்குவண்டி இழுக்க வளர்த்தது. 1925இல் அலாஸ்காவின் நோம் நகருக்கு டிப்தீரியா மருந்து கொண்டுபோன தொடர் ஓட்டத்தில் மிக நீண்ட பகுதியை ஓடிய அணிக்கு முன்னால் நின்ற டோகோ அந்த வகைதான். இத்தனைக்கும் ஆண் ஹஸ்கியே அதிகம் போனால் 27 கிலோ. எங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் 'பெரிய நாய் கூடாது' என்று ஒருவர் எழுந்தபோது இதைத்தான் சொல்ல நினைத்தேன். எடை அல்ல சார் விஷயம். அதைவிட ரெண்டு மடங்கு கிரேட் டேன் பகல் முழுக்கத் தூங்கும், ஓட்டம் கிடைக்காத ஹஸ்கி சோபாவைப் பிரித்து மேயும். சின்ன நாய்க்குச் சரி, பெரிய நாய்க்கு இல்லை என்று குடியிருப்புச் சங்கம் விதி போட முடியாது என விலங்குகள் நல வாரியம் 2015இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்த நாயை ஓடவிட யாருக்கு நேரம் இருக்கிறது என்பதை எந்த வாரியமும் சொல்லாது.

தியடோர் பாஸ்கரனின் 'தி புக் ஆஃப் இந்தியன் டாக்ஸ்' (2017) இங்கே உதவுகிறது. ஒவ்வொரு இனத்தையும் அது பிறந்த நிலத்தோடும் செய்த வேலையோடும் சேர்த்தே பேசும் புத்தகம். அதை வைத்துக்கொண்டு 'அப்போ சீமை நாய் வேண்டாம், ராஜபாளையம் வாங்குவோம்' என்று கிளம்புவதும் அரைகுறை வாசிப்புதான். 2005இல் தபால்தலையில் ஏறிய ராஜபாளையம் வேட்டை நாய். சுதேசியாக இருப்பதால் அதற்கு டூ பெட்ரூம் ஃபிளாட் பெரிதாகிவிடாது.

சரி, ஊட்டிக்கே போய்விடலாமா? கொரோனா நேரத்தில் கூட வேலை பார்த்த ஒருவர், ஜெர்மன் ஷெப்பர்டைக் கூட்டிக்கொண்டு குன்னூருக்குக் குடிபோனார். ஆறு மாதம் கழித்து போனில் சொன்னது: "அங்க லிஃப்ட்ல சண்டைங்க. இங்க இருட்டினா கேட்டைத் திறக்க முடியல. அதே ஹால்லதான் தூங்குது." காரணம் சிறுத்தை. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டு வாசலில் நாயைத் தூக்கிப் போவது சிசிடிவியில் அடிக்கடி பார்க்கிற காட்சி. இரவானால் நாயை உள்ளே பூட்டு என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த பாடம். படத்தின் ஊட்டியில் சிறுத்தையே கிடையாது. நாய்க்கு ஆபத்து வில்லனிடமிருந்து மட்டும்தான், அவரும் கடைசியில் தோற்றுவிடுவார்.

ஆனாலும், தனக்கே தெரியாமல் படம் ஒரு பதிலை வைத்திருக்கிறது. அந்த வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். படம் அவரைப் பாசத்தின் கணக்கில்தான் எழுதுகிறது. எனக்கோ அவர்தான் கதையின் முக்கியமான ஆள். கோப்பை வாங்கிய மறுநாள் பையன் ஸ்கூலுக்குப் போய்விடுவான், அப்பா கடனை அடைக்க ஓடுவார். சாயங்காலம் வரை சிம்பாவோடு வீட்டில் இருக்கப்போவது விஜயகுமார்தான். அந்தப் பகலைப் பத்து நிமிஷம் காட்டியிருந்தால் நான்காவது தடவையும் பார்த்திருப்பேன். எங்கள் மாடியில் காலை ஒன்பது மணிக்குக் கதவுகள் பூட்டியதும் அந்த மூன்று ஹஸ்கிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஊளையிட ஆரம்பிக்கும்.